கல்லூரியில் இரண்டு நாள் விழா: தேதி குறிப்பதிலிருந்து சலங்கையைத் திருப்பிக் கொடுப்பது வரை

தமிழ்க் கணக்கில் இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். கல்லூரிகளுக்கு மட்டும் அது தை மாதத்திலேயே வந்துவிடும். பொங்கல் லீவு முடிந்து ஹாஸ்டல் நிரம்பியதும் நோட்டீஸ் போர்டில் இடமிருக்காது. சென்னை ஐஐடியின் சாரங்கும் சாஸ்த்ராவும், கிண்டி பொறியியல் கல்லூரியின் டெக்கோஃபெஸ், திருச்சி என்ஐடியின் பிரக்யான், வேலூர் விஐடியின் ரிவியரா என்று பெரிய விழாக்கள் எல்லாம் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வரிசைகட்டும். அவர்களுக்கு ஆளும் பணமும் பல வருஷப் பழக்கமும் உண்டு. இந்த வழிகாட்டி அவர்களுக்கில்லை. ஒரு துறை, நாற்பது மாணவத் தொண்டர்கள், ஒரு ஆடிட்டோரியம், கையில் கொஞ்சம் பணம் என்ற நிலையில் முதல் நாள் சிம்போசியம் (பாடம் சார்ந்த போட்டிகள்), மறுநாள் கல்ச்சுரல்ஸ் (ஆட்டம், பாட்டு) நடத்த வேண்டிய மாணவச் செயலாளருக்காக எழுதுகிறேன். "இந்த வருஷம் நீங்களே பாத்துக்கங்க சார்" என்று தலையில் கட்டப்பட்ட இளம் ஆசிரியருக்காகவும். நான் ஏழு வருஷமாக அந்த இரண்டாவது ஆள்.

எதை முடிவு செய்வதற்கு முன்னும் நான் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன். விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து, டான்ஸ் உடுப்பை ஒரு கட்டைப்பையில் திணித்துக்கொண்டு, மூன்று மணி நேரம் பயணம் செய்து வரும் வெளியூர் மாணவி இதில் என்ன ஆவாள்? அவள் எங்கே பெயர் கொடுப்பாள், எங்கே உடை மாற்றுவாள், எப்போது சாப்பிடுவாள், முடிவு தெரிந்து சான்றிதழோடு எத்தனை மணி பஸ்ஸில் ஏறுவாள்? மேடையையும் சீஃப் கெஸ்ட்டையும் நடுவில் வைத்துத் திட்டம் போட்ட வருஷங்களில் எங்களுக்கு நல்ல போட்டோ கிடைத்தது. இவளை நடுவில் வைத்த வருஷங்களில், அடுத்த வருஷமும் அதே கல்லூரியிலிருந்து ஆள் வந்தார்கள்.

60 நாள் முன்பு: தேதி

காலண்டரை விரித்து, ஆகாத நாட்களை முதலில் அடியுங்கள். இன்டர்னல் தேர்வு, பிராக்டிக்கல், கடைசி வருஷத்தாரின் புராஜெக்ட் ரிவ்யூ இவை உங்கள் கல்லூரிக் கணக்கு. அக்கம்பக்கத்துக் கல்லூரிகளின் சிம்போசியம் தேதிகளையும் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஒரே நாளில் இரண்டு இடத்தில் நடந்தால் இரண்டு பேருக்கும் பாதிக் கூட்டம்தான்.

மறந்துபோகிறவை வேறு. ரம்ஜான் நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வருவதால், சில வருஷங்களாக மாசி, பங்குனியை ஒட்டியே விழுகிறது. நோன்பு மாதத்தில்தான் தேதி கிடைக்கிறது என்றால் மாலை நிகழ்ச்சியை நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் முடியுங்கள், இல்லை அந்த நேரத்துக்கு ஒரு இடைவெளி விடுங்கள். உள்ளூரில் மாசி மகமோ தேரோட்டமோ இருந்தால் பஸ்ஸைச் சுற்றி விடுவார்கள். நம்ம வெளியூர் மாணவி பத்தரைக்குத்தான் வந்து சேருவாள். வளாகத்துக்குள்ளேயே பள்ளி இருந்தால் மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை நடக்கும், மைக் கட்டவே முடியாது.

வியாழன், வெள்ளி நல்லது என்பது என் கட்சி. சனிக்கிழமை வைத்தால் ஹாஸ்டல் பாதி ஊருக்குப் போயிருக்கும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கும் வேலை நாளில் ஓடி (ஆன் டியூட்டி, வகுப்புக்குப் போகாமலே வருகைப்பதிவு) கிடைக்கிறது என்பதே ஒரு இழுப்பு. அதைக் குறை சொல்ல நான் தயாரில்லை, நானும் ஒரு காலத்தில் ஓடிக்காகவே பேப்பர் பிரசன்டேஷன் போனவன்தான்.

ஒரு காரணத்தோடு தேதியைச் சேர்க்க முடிந்தால் அனுமதிக் கடிதம் எழுதுவது சுலபம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928-ல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாளை 1987-லிருந்து அப்படிக் கொண்டாடுகிறோம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர் சர் சி.வி. ராமன் என்பதால் நமக்கு அதில் கூடுதல் உரிமை உண்டு. பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள். மார்ச் 14 பை நாள் (3.14), கணிதத்துறை விடாது. மார்ச் 21 உலகக் கவிதை நாள். கவியரங்கத்துக்கு வேறு சாக்கு தேவையில்லை.

45 நாள் முன்பு: அனுமதியும் பணமும்

துறைத்தலைவர், பிரின்சிபால், நிர்வாகம் என்று கடிதம் மேலே போகும் வழி ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒன்று. கடிதத்தோடு நிகழ்ச்சி நிரலின் வரைவு, உத்தேச வரவு செலவு, பொறுப்பாளர் பட்டியல் மூன்றையும் சேர்த்தே கொடுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதற்குள் பத்து நாள் ஓடிவிடும். திறந்தவெளியில் நிகழ்ச்சி என்றால் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. 9:30-க்கு முடிக்கும்படி திட்டம் போட்டால்தான் 10-க்காவது முடியும்.

பணத்துக்கு வருவோம். ஒரு நாளைக்கு 300 பேர், தலைக்கு 200 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம்: 60,000 ரூபாய். தொண்டர்கள், நடுவர்கள், மற்றவர்களையும் சேர்த்து 360 மதியப் பொட்டலம், ஒன்று 80 ரூபாய் என்றால் 28,800. ஏறக்குறைய பாதி வயிற்றுக்கே போய்விட்டது. மீதியில் பரிசு, சான்றிதழ் அச்சு, ஒலி ஒளி, நடுவர் மரியாதை, போக்குவரத்து. இந்தக் கணக்கை முதலிலேயே எழுதிப் பார்த்தால் "டிஜே வைக்கலாமா சார்" என்ற கேள்வி தானாகவே அடங்கும்.

ஸ்பான்சர் தேடும்போது பெரிய கம்பெனிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பது வீண் வேலை. கல்லூரி வாசலில் இருக்கும் பேக்கரி, ஜெராக்ஸ் கடை, பைக் ஷோரூம், கோச்சிங் சென்டர் இவர்களிடம் நேரில் போங்கள். பணமாகக் கேட்டால் யோசிப்பார்கள், பொருளாகக் கேட்டால் தருவார்கள். பேக்கரிக்காரர் 300 கேக் துண்டு கொடுத்து ஒரு பேனர் இடம் வாங்கிக்கொண்டால் அவருக்கும் லாபம்தான். "தர்றோம் தம்பி" என்ற பணத்தைக் கையில் வரும் வரை பூஜ்யம் என்றே கணக்கில் எழுதுங்கள்.

இன்னொன்று, நான் பட்டு அறிந்தது. ஒரு வருஷம் அவசரத்துக்கு ஒரு மாணவனின் சொந்த கியூஆர் கோடை ரிஜிஸ்ட்ரேஷன் படிவத்தில் போட்டுவிட்டோம். அவனுக்கு வீட்டிலிருந்து வந்த பணம், நண்பன் திருப்பிக் கொடுத்த டீக்காசு, எங்கள் கட்டணம் எல்லாம் ஒரே பட்டியலில். ஆடிட்டுக்கு அதைப் பிரித்து எழுத மூன்று ராத்திரி ஆனது. பையன் ஒரு பைசா தொடவில்லை. ஆனாலும் அவன் அந்த மூன்று நாள் பட்ட அவமானத்துக்கு நான்தான் பொறுப்பு. துறையின் பெயரிலோ கல்லூரியின் பெயரிலோ உள்ள கணக்குக்கு மட்டுமே பணம் வரட்டும்.

30 நாள் முன்பு: போட்டிகளும் விதிகளும்

முதல் நாளுக்குப் பேப்பர் பிரசன்டேஷன், போஸ்டர், புராஜெக்ட் எக்ஸ்போ, டெக்னிக்கல் குவிஸ், முடிந்தால் ஒரு அரை நாள் ஒர்க்‌ஷாப். மறுநாளுக்குக் குரூப் டான்ஸ், சோலோ, பாட்டு, மைம், அடாப்ட்யூன் (ஒரு பாட்டின் வரிகளை வேறு பாட்டின் மெட்டில் பாடுவது), கனெக்‌ஷன் (படங்களை இணைத்து வார்த்தையைக் கண்டுபிடிப்பது), ரங்கோலி, கவிதை, பேச்சு. ஆசையில் இருபது போட்டி அறிவிக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அறை, மூன்று தொண்டர், ஒரு நடுவர் வேண்டும். ஒரு நாளில் பத்துக்கு மேல் போனால் ஏதாவது ஒன்றில் நடுவர் இல்லாமல் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

பேப்பர் பிரசன்டேஷனில் கணக்கு இப்படி: ஒரு குழுவுக்கு 7 நிமிடம் பேச்சு, 3 நிமிடம் கேள்வி. 24 கட்டுரை தேர்வானால் ஒரே அறையில் நாலு மணி நேரம். இரண்டு அறையாகப் பிரித்தால் இரண்டு மணி நேரத்தில் முடியும். ஆனால் ஒரு அறை நடுவர் தாராளம், இன்னொருவர் கறார் என்றால் மொத்த மதிப்பெண்ணை ஒப்பிடவே கூடாது. அறைக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, ஆறு பேரையும் ஒரே நடுவர் குழு முன் இன்னொரு சுற்று பேசவிடுங்கள். இப்போது ஏஐ எழுதிக் கொடுத்த கட்டுரையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறவர்கள் கணிசம். அதைக் கண்டுபிடிக்க மென்பொருளைத் தேடி அலைவதைவிட நூற்றுக்கு நாற்பது மதிப்பெண்ணைக் கேள்வி பதிலுக்கு வையுங்கள். செய்தவன் பேசுவான், செய்யாதவன் ஸ்லைடைத் திரும்பிப் பார்ப்பான்.

குரூப் டான்ஸ்தான் நேரத்தை விழுங்கும். 14 குழு என்று வையுங்கள். மேடை ஏறியது முதல் இறங்குவது வரை 8 நிமிடம், மதிப்பெண் போடவும் மேடை துடைக்கவும் 3 நிமிடம். மொத்தம் 154 நிமிடம். குழுவுக்கு இரண்டே நிமிடம் கூடினால் 28 நிமிடம் தாமதம். நம்ம ஆள் பஸ்ஸை விட்டாள். ஆகவே "பாட்டு 6 நிமிடத்துக்குள்" என்று மட்டும் எழுதாமல் "மேடை ஏறியது முதல் இறங்குவது வரை 8 நிமிடம், தாண்டினால் மதிப்பெண் குறையும்" என்று எழுதுங்கள். நெருப்பு, தண்ணீர், கலர் பொடி, கண்ணாடித் துண்டு தடை என்பதையும் சேருங்கள். கலர் பொடியை ஒரு குழு தூவினால் அடுத்த குழு வழுக்கும்.

நடத்தும் கல்லூரி மாணவர்கள் ஆடலாம், பாடலாம், பரிசு மட்டும் கிடையாது என்ற வழக்கத்தை விடாதீர்கள். சொந்தப் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

ரிஜிஸ்ட்ரேஷன் படிவத்தில் பெயர் கேட்கும் இடத்தில் "சான்றிதழில் எப்படி அச்சாக வேண்டுமோ அப்படியே, இனிஷியலோடு" என்று ஒரு வரி போடுங்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வருஷம் நாற்பது சான்றிதழைத் திரும்ப அடித்தோம்.

15 நாள் முன்பு: நடுவர், விருந்தினர்

நடுவர்களுக்கு விதிகளையும் மதிப்பெண் தாளையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். இறுதிச் சுற்றுக்கு ஒற்றைப்படையில் ஆள் வேண்டும், மூவர் போதும். பங்கேற்கும் எந்தக் குழுவுக்கும் டான்ஸ் சொல்லிக் கொடுத்தவராக இருக்கக் கூடாது. சின்ன ஊரில் இது லேசான காரியமில்லை, எல்லாரும் ஒரே மாஸ்டரிடம் போயிருப்பார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சீஃப் கெஸ்ட் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. தொடக்க விழா 40 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று நாலு உரை நடக்கும்போது வெளியூர்ப் பிள்ளைகள் உடுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள், செலவும் குறையும், அவரும் வீட்டுக்கு எடுத்துப் போவார்.

கடைசி வாரம்

இந்த வாரத்தில் யாரும் நினைக்காத இடங்களை நடந்து பார்க்க வேண்டும். முதலில் பெண்கள் உடை மாற்றும் அறை. தாழ்ப்பாள் வேலை செய்கிறதா, ஜன்னலில் உள்ளிருந்து பேப்பர் ஒட்டியாயிற்றா, கண்ணாடி இருக்கிறதா, உடுப்பு மாட்ட ஆணியாவது கயிறாவது உண்டா, முடி சுருட்டும் கருவிக்கு பிளக் பாயிண்ட் எத்தனை? ஒரு அறையில் எட்டுக் குழு மாற்றினால் நெரிசல், நாலு குழுவுக்கு ஓர் அறை என்று ஒதுக்குங்கள். வாசலில் மாறி மாறி இரண்டு மாணவிகள் இருக்கட்டும், போனை உள்ளே நீட்டிப் படமெடுக்க யாரையும் விடக் கூடாது. பக்கத்துக் கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று காலையில் பார்த்தால் போதாது, மதியம் இரண்டு மணிக்குப் பாருங்கள். டேங்க் அப்போதுதான் காலியாகும். நாப்கின் ஒரு டப்பாவில் இருக்கட்டும். எங்கள் துறையில் இதையெல்லாம் பட்டியல் போட்டது ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி. அதற்கு முன் ஐந்து வருஷம் இந்த அறைக்குள் நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

தண்ணீருக்கும் கணக்கு உண்டு: தலைக்கு 2 லிட்டர், 300 பேருக்கு 600 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 30. கோப்பைக்கு எவர்சில்வர் டம்ளர் வைத்துக் கழுவ ஆள் போடுங்கள். தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. மதியத்துக்குப் புளிசாதம், லெமன் சாதம் நல்லது. பதினொன்றுக்குக் கட்டினால் மூன்று மணிக்குத் தின்னலாம். வெஜ் பிரியாணி வாசம் இழுக்கும், ஆனால் தாமதமானால் கெடும்.

மேடையின் மின் இணைப்பை கல்லூரி எலக்ட்ரீஷியனிடம் காட்டி, ஒலி ஒளிக்காரர் சொல்லும் லோடை அது தாங்குமா என்று கேளுங்கள். பாட்டு உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, கல்வி நிறுவனத்தின் ஆசிரியரும் மாணவரும் தங்களுக்குள், பெற்றோர் முன்னிலையில் நடத்தும் நிகழ்ச்சிக்கு விலக்குத் தருகிறது. வெளிக்கல்லூரிக் கூட்டம், டிக்கெட், டிஜே என்று போகும்போது அந்த விலக்கை நம்பி உட்கார முடியாது. உரிமம் வேண்டுமா என்று நிர்வாகத்தின் வக்கீலிடம் கேட்டுவிடுவது நல்லது.

முதல் நாள்

ரிஜிஸ்ட்ரேஷன் மேஜையைப் போட்டிவாரியாகப் பிரிக்காதீர்கள், கல்லூரிவாரியாகப் பிரியுங்கள். ஒரு கல்லூரிப் பிள்ளைகள் ஒரே வேனில் வந்து ஒன்றாகத்தான் இறங்குவார்கள். அவர்களை ஐந்து வரிசைக்குப் பிரித்தால் வாசலிலேயே குழப்பம். ஐடி கார்டைப் பார்த்து, சாப்பாட்டு டோக்கன், அறை வரைபடம், போட்டி நேரம் மூன்றையும் ஒரே கவரில் கொடுங்கள். மேஜைக்கு எட்டு மணிக்கே ஆள் வர வேண்டும், ஐந்து மணி பஸ் எட்டுக்கு வந்துவிடும்.

தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது 55 நொடியில் பாட வேண்டும், இசைத்தட்டை ஓடவிடாமல் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு பாடவைக்க வேண்டும் என்றது. நாலு மாணவிகளை ஒரு வாரம் பழக்கினால் போதும். குத்துவிளக்கு ஏற்றும்போது மேடை ஃபேனை நிறுத்த ஒருவரை நியமியுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பிரின்சிபால் மூன்று தடவை மெழுகுவத்தியை நீட்டி மூன்று தடவையும் திரி அணைந்து, கூட்டம் "ஓ" என்று கத்தியதைப் பார்த்தவன் நான். திரியை முன்பே எண்ணெயில் ஊறவைத்து, நுனியில் துளி கற்பூரம் தடவிவிடுங்கள்.

பங்கேற்புச் சான்றிதழை நிறைவு விழா வரை பிடித்து வைக்காதீர்கள். போட்டி முடிந்த அறையிலேயே கொடுத்து அனுப்புங்கள். கூட்டம் காட்டுவதற்காகச் சான்றிதழைப் பணயம் வைப்பது பல இடத்தில் வழக்கம், எனக்குப் பிடிக்காத வழக்கம்.

இரண்டாம் நாள்

பாட்டுகள் எல்லாம் முந்தின நாள் மாலைக்குள் ஒரே லேப்டாப்பில் சேர்ந்திருக்க வேண்டும், கோப்பின் பெயர் மேடை ஏறும் வரிசை எண்ணோடு. பென்டிரைவில் ஒரு நகல். யாருடைய போனிலிருந்தும் பாட்டு போடக் கூடாது. ஒரு வருஷம் ஒரு குழு, போரில் மகனை இழந்த தாயை ஆடிக்கொண்டிருந்தது. இசை நின்று, அரங்கமே மூச்சைப் பிடித்திருந்த அந்த இடத்தில் ஸ்பீக்கரில் "டிங்" என்று வாட்ஸ்அப். அடுத்து இன்னொரு "டிங்". அந்தப் பிள்ளை அசையாமல் நின்று முடித்தாள். கூட்டம்தான் சிரித்துவிட்டது.

குழு வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதுதான் நியாயம். ஆனால் இரண்டு குடத்தில் குலுக்குங்கள்: கடைசி பஸ் சீக்கிரம் போகும் ஊர்க்காரர்கள் முதல் பாதி, மற்றவர்கள் இரண்டாம் பாதி. முதலில் ஆடினால் மதிப்பெண் குறையும் என்று சண்டைக்கு வருவார்கள். அதற்குத்தான் நடுவர்களிடமிருந்து ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மதிப்பெண் தாளை வாங்கிவிட வேண்டும். கடைசியில் மொத்தமாக வாங்கினால் அவர்களும் மனிதர்கள்தானே, கடைசி மூன்று குழு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

மதிப்பெண் கூட்ட இரண்டு பேர், தனித்தனியாக. இரண்டு கூட்டலும் ஒத்துப்போன பிறகே அறிவிப்பு. பரிசுப் பணத்தை அன்றே கவரில் போட்டு வவுச்சரில் கையெழுத்து வாங்குங்கள். "அப்புறம் அனுப்புறோம்" என்பது பெரும்பாலும் நடக்காது. 5:30-க்கு பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு கல்லூரிப் பேருந்து, 6:30-க்கு இன்னொன்று. இந்த இரண்டு நேரத்தையும் காலையிலேயே போர்டில் எழுதி வையுங்கள். ஜெயித்தவர்கள் மட்டும் இரண்டாவது பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள்.

மறுநாள்

நாக் (NAAC) எனும் கல்லூரித் தர மதிப்பீட்டுக்கு ஜியோ டேக் போட்ட படங்களோடு அறிக்கை கேட்பார்கள். தேதியும் இடமும் படத்திலேயே பதியும் செயலியை இரண்டு மாணவர்களின் போனில் முன்பே ஏற்றி, விழா நாள் காலையிலிருந்து எடுக்கச் சொல்லியிருந்தால் இப்போது உட்கார்ந்து எழுதிவிடலாம். இல்லையென்றால் காலி ஆடிட்டோரியத்தில் பேனரைத் திரும்பக் கட்டி, பத்துப் பேரை உட்காரவைத்துப் படமெடுக்க வேண்டியிருக்கும். கேள்விப்படாத கதையில்லை.

வரவு செலவை பில்லோடு ஒரு வாரத்துக்குள் முடியுங்கள். ஆட்களிடம் கேட்டு, எது சொதப்பியது என்று ஒரு நீள நோட்டில் அவர்கள் கையெழுத்திலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த வருஷச் செயலாளர் கையில் போக வேண்டியது அந்த நோட்டுதான்.

அப்புறம், ஆடிட்டோரியத்தையும் உடை மாற்றும் அறைகளையும் பூட்டும் முன் ஒரு சுற்று. தண்ணீர் பாட்டில், சார்ஜர், ஒற்றைக் கம்மல், ஐடி கார்டு எல்லாம் கிடக்கும். ரிஜிஸ்ட்ரேஷன் பட்டியலில் கல்லூரிக்கு ஒரு போன் எண் இருக்கும், கூப்பிட்டுச் சொல்லுங்கள். போன வருஷம் எங்களுக்கு ஒரு ஜோடி சலங்கை கிடைத்தது. ஆறு கல்லூரிக்குப் போன் செய்தோம், ஆறும் தங்களுடையதில்லை என்றது. ஏழாவது எண்ணில் எடுத்த பெண், "சார், அது எங்க பாட்டியோடது" என்று அழுதேவிட்டாள். கூரியரில் அனுப்ப மனமில்லை. அந்த ஊர்ப்பக்கம் வீட்டுக்குப் போகும் ஹாஸ்டல் மாணவி ஒருத்தியிடம், துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டோம்.